யூன் மாதத்து ஆறு

பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். வோக்கிடோக்கி பேசவில்லை. ஐந்து நிமிடத்தைப் பிந்தல் என்று சொல்லமுடியாது. குகன் எதையும் மணிக்கூட்டைப் பார்த்துச் செய்கிற ஆளில்லை, மணித்தியாலத்துக்கு ஒருதடவை கூப்பிடவேண்டும் என்றால் அவனுக்கு அது ஏறக்குறைய மணித்தியாலத்துக்கு ஒருதடவை. பதினொரு மணி அழைப்பே பதினொன்று எட்டுக்குத்தான் வந்தது. "மச்சான், கடக்கிற இடத்துக்கு வந்திட்டன். தண்ணி கொஞ்சம் சுத்துது. எண்டாலும் இறங்கலாம் போலை கிடக்கு." நான் சரி என்றேன். சரி, கவனம் என்றேனா, வெறும் சரி என்றேனா. கவனம் என்று சொல்லியிருப்பேன், வழக்கமாகச் சொல்கிறவன்தான். அந்த நேரம் காற்று ஒருமுறை உதைத்தது, முக்காலியின் கால் அசைந்ததோ என்று திரும்பிப் பார்த்தேன், பொத்தானை விட்டுவிட்டேன். முக்காலி அசையவில்லை. மூன்று காலுக்கும் நானே கல் அடுக்கி வைத்திருக்கிறேன். அதன் தலையில் ஒரு சோற்றுக்கோப்பை அளவு மஞ்சள் கருவி, வானத்தில் பூமியைச் சுற்றிப்போகிற செய்மதிகளைக் கேட்டபடி இருக்கிறது. காலை ஒன்பதரையிலிருந்து பின்னேரம் மூன்றரை வரை ஆறு மணித்தியாலம் அதை அசைக்கக்கூடாது. ஆற்றுக்கு அந்தக் கரையில் யாரோ எப்போதோ பாறையில் பதித்துவிட்டுப் போன ஒரு பித்தளைத் தகடு இருக்கிறது. குகன் அங்கே போய் மற்றக் கருவியை அதன்மேல் வைக்கவேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே வானத்தைக் கேட்டால் இரண்டுக்கும் இடையிலான தூரம் ஒரு விரல்நகத்தின் அளவுக்குச் சரியாக வரும், அதிலிருந்து இந்த ஆற்றின் புதிய வரைபடம் தொடங்கும். எனக்கு நீந்தத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அதனால் நான் கல்லில் இருக்கிறேன், அவன் தண்ணீரில். இப்படித்தான் என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, முதல்நாளே தன்பாட்டில் அப்படி அமைந்துவிட்டது.

பன்னிரண்டு இருபது. மத்தியானத்துக்குக் கொண்டுவந்த பாணைப் பிரித்தேன், சாப்பிட மனம் வரவில்லை, மூடிவைத்தேன். இது மலை இல்லை, மரமில்லாத ஒரு கல்மேடு. சுற்றிவரச் சதுப்பும் கறுத்து மெலிந்த ஊசியிலை மரங்களும், அவற்றுக்கிடையில் பெயரில்லாத நூற்றுக்கணக்கான குளங்களும். செப்டெம்பர் தொடங்கி ஆறு நாள்தான், அதற்குள் விடிய எழும்பினால் கூடாரத்தின்மேல் பனி கட்டியிருக்கிறது. ஆற்றின் மேற்பக்கம் இங்கிருந்து தெரியும், தகரத் துண்டுபோல. கீழ்ப்பக்கம், குகன் கடக்கப்போன இடம், மரத்தோடு நிற்கிற ஒரு முகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அது தெரியாது. தெருவோ வீடோ எந்தத் திசையிலும் இல்லை, முகாம் தொண்ணூறு கிலோமீற்றர், ஹெலிகொப்டரில் நாற்பது நிமிடம். பதினேழு வருடமாக இந்த வேலை செய்கிறேன், ஒவ்வொரு கோடையும் கனடாவின் வடக்கே, ஒவ்வொரு மாரியும் ஸ்காபரோவில் கணினிக்கு முன்னால் சமவுயரக் கோடுகளைத் திருத்தியபடி. தனியாக இருந்தால் பயமில்லை. பழகிவிட்டது. ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பயம். தங்கச்சி பங்குனியில் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இவரையும் உங்களோடை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். நளாயினி என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. குகன் பதினொரு வருடம் வேலைசெய்த கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையை மூடியிருந்தார்கள், அவன் நிலக்கீழ் அறையில் ரிவியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் இருக்கிறான் என்றாள். "அவருக்கு வரைபடம் பாக்கத் தெரியாது, ஆனால் சாமான் தூக்குவார், வள்ளம் விடுவார். சொன்னதைச் செய்வார்." சொன்னதைச் செய்வார். அதுதான் என்று இப்போது நினைக்கிறேன், நினைத்ததும் அந்த நினைப்பை நிறுத்துகிறேன். கருவியின் சிறிய திரையைப் பார்க்கிறேன். பதினாலு செய்மதிகள். நல்ல கணக்கு.

ஒன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. நான் ஏற்கெனவே ஒருதடவை கூப்பிட்டவன். மூன்று கிழமைக்கு முந்தி, இதே மாதிரி ஒரு மேடு, இதே மாதிரி ஒரு அழைப்பு வராமல் போனது, பத்து நிமிடம்கூடப் பொறுக்காமல் செய்மதித் தொலைபேசியை எடுத்து முகாமுக்கு அடித்துவிட்டேன். ஹெலி வந்தது. குகன் கரையில் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு நித்திரை, வோக்கி அணைந்திருந்தது. ஹெலி வேறு ஆட்களை ஏற்றப் போகவேண்டியிருந்ததாம், அவர்கள் அன்று முழுக்க மழைக்குள் நின்றார்களாம். எங்கள் குழுத்தலைவி ஹெலன் கத்துகிறவள் இல்லை. "சீலன், ஒரு அழைப்பு தவறினால் பொறு. இரண்டு தவறினால் கூப்பிடு" என்றாள். அவ்வளவுதான். ஆனால் சாப்பாட்டு மேசையில் குகன் அதையே ஒரு கதையாக்கிவிட்டான், தன் பாதி ஆங்கிலத்தில், தான் நித்திரையிலிருந்து எழும்பி ஹெலியைப் பார்த்துக் கும்பிட்டதை நடித்துக் காட்டி. எல்லாரும் சிரித்தார்கள். என் மச்சான் எனக்கு அம்மா மாதிரி என்றான். நானும் சிரித்தேன். கூடாரத்துக்குள் வந்தபிறகு அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னான். "மச்சான், குறை நினைக்காதேங்கோ. அவையளுக்கு முன்னாலை என்னைச் சின்னப்பிள்ளை மாதிரி நடத்தவேண்டாம். நான் தண்ணிக்கை பிறந்து வளந்தவன்." நான் தூங்குபையின் ஸிப்பை இழுத்தேன். அவன் பகிடிவிட்டது மானத்தைக் காப்பாற்ற என்று அப்போது விளங்கவில்லை. எனக்கு என் மானம்தான் தெரிந்தது. இப்போது கூப்பிட்டு, ஹெலி வந்து, அவன் மறுபடியும் எங்காவது ஒரு கல்லில் சாய்ந்து கிடந்தால். அந்த மேசை. அந்தச் சிரிப்பு. ஐம்பதை நெருங்குகிற ஒரு மனிதன் இதையா நினைத்துக்கொண்டிருப்பான். நினைக்கிறேன்.

ஒரு மணி. ஒன்று ஒன்று. ஒன்று இரண்டு. "குகன், குகன், சீலன் கதைக்கிறன். கேக்குதோ?" பொத்தானை விட்டால் வெறும் இரைச்சல். ஒன்று நான்கு. "குகன், கேட்டால் ஒருக்காச் சொல்லுங்கோ." ஒன்று ஏழுக்கு அது வந்தது. குரல் இல்லை. யாரோ பொத்தானை அழுத்தி விட்டதுபோல ஒரு சின்ன உடைவு, இரைச்சல் நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றது. இரண்டு தடவை. நான் எழும்பி நின்றுவிட்டேன். பற்றரி இறங்கிவிட்டது, அதுதான், அவன் பேசுகிறான், குரல் ஏறமாட்டேனென்கிறது. குளிருக்கு அவை அப்படித்தான் சாகும், நானே முந்தாநாள் சொன்னேன், சட்டைக்குள்ளே வைத்திருங்கோ என்று. அப்படியானால் அவன் உயிரோடு, கையில் வோக்கியோடு, அந்தக் கரையில் கருவிக்குப் பக்கத்தில் இருக்கிறான். அப்படியானால் இது தவறிய அழைப்பு இல்லை. இரண்டாவது தவறவில்லை. எவ்வளவு வேகமாக இந்தக் கணக்கைப் போட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தொலைபேசியைப் பையிலிருந்து எடுத்தவன் அதை முழங்காலில் வைத்தேன், பிறகு பைக்குள் வைத்தேன், பையின் வாயைக் கட்டினேன். அப்போது அதைக் கட்டியது எதற்கு. சும்மா வைத்திருக்கலாம். கீழே இறங்கிப் பார்க்கலாம்தான், ஆனால் சதுப்புக்குள்ளால் இரண்டு மணித்தியாலம், இறங்கினால் வோக்கியும் பிடிக்காது, வள்ளம் அவனிடம், நான் கரையில் நின்று என்ன செய்வது. இங்கேயே இருப்பதுதான் சரி. கருவியையும் விட்டுவிட்டுப் போகமுடியாது, போனகிழமை ஒரு கரடி மற்றக் குழுவின் முக்காலியை உருட்டிவிட்டது. எல்லாக் காரணமும் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றுகூடப் பொய்யில்லை.

ஒன்று முப்பது. கால் விறைக்கிறது, எழும்பி முக்காலியைச் சுற்றி நடக்கிறேன், கல்லில் ஒட்டியிருக்கிற சாம்பல்நிறப் பாசி சப்பாத்துக்குக் கீழே நொறுங்குகிறது. பழைய வரைபடம் மடித்தபடி சட்டைப் பையில் இருக்கிறது. எடுக்கவில்லை. எடுக்காமலே தெரியும். அதில் ஆறு நீலமாக, இந்த முகட்டைச் சுற்றி வளைந்து, அகன்று, ஓட்டமில்லாத ஒரு குளம்போலக் கிடக்கிறது. பாறை என்று அடையாளமில்லை. பாறைமேல் நீர் உருண்டு விழுகிற பாய்ச்சல் என்று குறுக்குக்கோடு ஒன்றும் இல்லை. நேற்றுப் பின்னேரம் குகன் கூடாரத்துக்கு வெளியில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான். "மச்சான், காத்து அந்தப் பக்கத்தாலை அடிக்கேக்கை ஒரு சத்தம் கேக்குது. கல்லுக்கை தண்ணி விழுற சத்தம்." படத்தில் ஒன்றுமில்லை என்றேன். "படம் எப்ப கீறினது?" அது பழசுதான், ஆனால் கல்லு எழும்பி நடக்காது என்றேன். இன்று காலையில், வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, அவன் மறுபடியும் கேட்டான். "மேலாலை போய்க் கடந்தால் என்ன? ஒரு மணித்தியாலம்தானே கூட." ஒரு மணித்தியாலம் பிந்தினால் இரண்டு கருவியும் ஒன்றாகக் கேட்கிற நேரம் போதாது, நாளைக்கு மறுபடி முதலிலிருந்து. அதைச் சொல்லியிருக்கலாம். அதை மட்டும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "உங்கட ஆக்களுக்குத் தண்ணி என்ன புதுசே?" சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவன் குனிந்து உயிர்காப்பு அங்கியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான், அந்தக் கை ஒரு கணம் நின்றது, பிறகு வாரை இறுக்கி முடித்தது. "சரி மச்சான்" என்றான். நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றுமில்லை. உங்கட ஆக்கள். பகிடி என்று அவன் எடுத்திருப்பான். எடுக்கவில்லை.

ஊரில் நாங்கள் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தவர்கள். அவர்கள் கடற்கரையில். இரண்டு மைல் தூரம்தான், அவர்களுடைய மீனைச் சாப்பிடுவோம், சம்பந்தம் செய்யமாட்டோம். கனடாவுக்கு வந்து, ஒரே மாடிக்கட்டடத்தில் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி, நளாயினி அவனைக் கண்டுபிடித்தாள். நான் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை, படிப்பில்லை என்றேன், வேலை நிரந்தரமில்லை என்றேன், அவள் என்னைப் பார்த்துக்கொண்டு, "அண்ணா, நீங்கள் நினைக்கிறதைச் சொல்லுங்கோ" என்றாள். சொல்லவில்லை. இரண்டு வருடம் அவர்கள் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. குடிக்கமாட்டேன் என்று சொன்னதில்லை, இப்பதான் குடிச்சனான் என்பேன். குகன் ஒவ்வொரு முறையும் ஜூஸ் போத்தலை மூடி உடைக்காமல் கொண்டுவந்து முன்னால் வைப்பான். மூடி உடைக்காமல். அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அவர்களுக்கு ஆரபி பிறந்தாள், பிறந்தபிறகு எல்லாம் சரியாகிவிட்டது, சாப்பிடுகிறேன், அவன் பொரிக்கிற மீனை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிடுகிறேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் எப்போதும் நீங்கள், வாங்கோ, இருங்கோ. இந்த இரண்டு மணித்தியாலமாக மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போதுதான் கேட்கிறது. அவன். குகன் என்கிறவன். என்னைவிட ஐந்து வயது இளையவன்தான், ஆனால் வேறு எந்தத் தங்கச்சியின் புருசனையும் நான் மனதுக்குள் அவன் என்பேனா. அப்படியானால் தொலைபேசிப் பையைக் கட்டியது எந்தக் கை. ஹெலன் சொன்ன விதி கட்டியதா, மேசைச் சிரிப்பு கட்டியதா, அந்த இரண்டு மைலா. இல்லை, இதெல்லாம் தேவையில்லாமல் மனதைக் கிண்டுவது. காற்று. பற்றரி. வேறொன்றுமில்லை.

இரண்டு மணி. அழைப்பில்லை. படத்தை எடுத்துவிட்டேன். படத்தை இல்லை, அதோடு சேர்த்து மடித்து வைத்திருந்த விமானப்படத்தின் நகலை. அந்தப் பழைய வரைபடத்தை இதைப் பார்த்துத்தான் கீறினார்கள். ஓரத்தில், நான் நூறு தடவை பார்த்த இடத்தில், சின்ன எழுத்தில் திகதி இருக்கிறது. யூன் பதினொன்று. வருடம் எனக்கு முக்கியமாகப் பட்டிருந்தது, எத்தனை வருடம் பழசு, ஆறு எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று. மாதத்தை நான் பார்க்கவில்லை. யூன் பதினொன்று என்றால் பனி உருகி ஆறு கரை தெரியாமல் நிறைந்து போகிற கிழமை. மூன்று மீற்றர், நான்கு மீற்றர் கூடுதலான தண்ணீர். அந்தத் தண்ணீருக்குக் கீழே எந்தப் பாறை இருந்தாலும் மேலேயிருந்து பார்க்கிற விமானத்துக்கு அது ஒரு அமைதியான குளம். இப்போது செப்டெம்பர். தண்ணீர் இறங்கிவிட்டது. இறங்கிய தண்ணீர் பாறைக்குள்ளால் போகிறது, அதன் சத்தத்தை ஒரு மனிதன் கூடாரத்துக்கு வெளியில் நின்று காதால் கேட்டுச் சொன்னான். பதினேழு வருடம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் முதல்நாள் பாடம் எடுப்பேன், படத்தைப் பார்க்கமுதல் படம் எடுத்த மாதத்தைப் பார் என்று. மஞ்சள் கருவி பதினைந்து செய்மதிகளைக் கேட்கிறது, நேரம் நான்கு மணித்தியாலம் முப்பத்தைந்து நிமிடம், மற்றக் கருவி ஆற்றின் அடியில் கிடந்தால் இது எதற்காகக் கேட்கிறது. நான் எதைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன். தொலைபேசிப் பையின் முடிச்சு அவிழவில்லை, பல்லால் இழுத்தேன். இரண்டு பதினைந்து.

"ஹெலன், சீலன் பேசுகிறேன். குகனிடமிருந்து அழைப்பில்லை." அவள் உடனே கேட்டாள். "எத்தனை தவறியது?" நான் மூன்று என்றேன். "மூன்றா," என்றாள், கேள்வியாக இல்லை, எழுதிக்கொள்கிறவள்போல. "ஹெலி இப்போதே வருகிறது. நீ மேட்டை விட்டு இறங்காதே, வோக்கியில் கூப்பிட்டுக்கொண்டே இரு." கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். குகன், குகன். மச்சான், கேக்குதோ. எட்டு வயதில் நளாயினி கிணற்றடியில் வழுக்கி விழுந்து முகவாய் வெடித்து இரத்தத்தோடு வந்தபோது நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், அம்மா என்னை அடிப்பாவோ என்று நின்றது ஞாபகம் வந்தது. ஏன் அது வருகிறது. நிற்கிறேன், எப்போதும் நான் ஒரு இடத்தில் நிற்கிறேன். குகன், சீலன் கதைக்கிறன். தண்ணீர் நான்கு பாகை, காலையில் நானே அளந்து எழுதினேன். அந்தத் தண்ணீருக்குள் ஒரு மணித்தியாலம் தாங்காது. வெளியில் ஏறிவிட்டால், ஈர உடுப்போடு, இந்தக் காற்றில், இரண்டு மணித்தியாலம் தாங்கலாம், மூன்றுகூடத் தாங்கலாம், ஆளைப் பொறுத்தது. குகன் வலுவான ஆள். கரைக்கு நீந்தியிருப்பான், தண்ணியில் பிறந்து வளர்ந்தவன். நெருப்பு மூட்டியிருப்பான். புகை தெரியவேண்டும். முகட்டுக்கு மேலே வானம் வெறுமையாக இருக்கிறது, ஒரு நூலளவு புகைகூட இல்லை, நான் கண்ணை மூடாமல் பார்க்கிறேன், பார்த்துப் பார்த்துப் புகைபோல ஒன்று தெரிகிறது, கண்ணீர்தான்.

மூன்றுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது சத்தம் வந்தது. முதலில் வயிற்றுக்குள் வந்தது, பிறகுதான் காதுக்கு. சண்டைக்குத் தப்பி ஊரை விட்டு வந்து முப்பது வருடமாகியும் ஹெலிச் சத்தத்துக்கு என் உடம்பு முதலில் கீழே படுக்கத்தான் பார்க்கும், வாழைகளுக்கு இடையில், மண்ணில் முகத்தை வைத்து. இன்று நான் கையை வீசினேன். அது என்னிடம் வரவில்லை. ஆற்றைப் பிடித்துக்கொண்டு கீழே போனது, முகட்டுக்கு மேலே ஒருதடவை சுற்றியது, இரண்டாம்முறை தாழ்வாகச் சுற்றியது, பிறகு மரங்களுக்குப் பின்னால் இறங்கியது. சத்தம் குறைந்து, ஒரே அளவில் நின்றது. இறங்கிவிட்டார்கள். இறங்கினால் ஆளைக் கண்டிருக்கிறார்கள். கண்டால் நல்லது, வள்ளத்தை மட்டும் கண்டால் இறங்கமாட்டார்கள். ஏற்றுகிறார்கள். போர்வை போர்த்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து. இரண்டு நிமிடம். ஆள் நடக்கக்கூடியவராக இருந்தால் இரண்டு நிமிடம் போதும். ஐந்து நிமிடம். தூக்கவேண்டுமென்றால் ஐந்து. எட்டு. பதினொன்று. உயிரோடு இருக்கிற ஒருவருக்காக யாரும் பதினொரு நிமிடம் எடுக்கமாட்டார்கள், அவசரப்படுவார்கள். பதினாலு நிமிடத்துக்குப் பிறகு ஹெலி எழும்பியது, முகாம்பக்கம் திரும்பவில்லை, மெதுவாக என்னைப் பார்த்து வந்தது. அந்த மெதுவில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் கையை வீசிக்கொண்டுதான் நின்றேன். நிறுத்தினால் அது உண்மையாகிவிடும் என்று கைக்கு ஒரு நம்பிக்கை.

விமானி பெயர் ரே, கன வருடமாகத் தெரிந்தவர். இறங்கி வந்து என் தோளைப் பிடித்துக் கல்லில் இருத்தினார். "பாய்ச்சலின் நடுப் பாறையில் வள்ளம் மடிந்து கிடக்கிறது" என்றார். "அவர் வெளியே ஏறிவிட்டார், சீலன். அந்தக் கரைக்கு ஏறிவிட்டார். இருநூறு மீற்றர் நடந்திருக்கிறார். பட்டையும் சுள்ளியும் சேர்த்து வைத்திருந்தார், ஒரு மூலை கருகியிருந்தது." நான் வோக்கி என்று கேட்டேன். "கழுத்தில் தொங்கியது." ஜாக்கெட்டைக் கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாராம். குளிர் முற்றிக் கடைசிக்கு வந்தால் உடம்பு சுடுகிறதுபோல இருக்கும், அப்படிச் செய்வார்கள், எனக்கும் தெரியும், அதற்கும் நான்தான் பாடம் எடுப்பேன். "ஏற்றும்போது," என்றார் ரே, பிறகு நிறுத்தினார். "உயிர் போய் அதிக நேரமில்லை, கை இன்னும் மடங்கியது" என்றார், சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது, திரும்பி முக்காலியைப் பார்த்தார். அதையும் ஏற்றவேண்டுமா என்று கேட்டார். கருவி ஐந்து மணித்தியாலம் ஐம்பத்தொரு நிமிடம் என்று காட்டியது. நான் அதை அணைத்து, கழற்றி, பெட்டியில் வைத்து, முக்காலியின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாகச் சுருக்கினேன். கை தன்பாட்டில் செய்தது. பின்சீற்றுக்குப் பின்னால் அவர் இருந்தார், செம்மஞ்சள் துணியால் சுற்றி, சப்பாத்து மட்டும் வெளியில். நாற்பது நிமிடமும் அந்தச் சப்பாத்தின் லேஸைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இரட்டை முடிச்சு. கட்டிய கை அப்படியே அதில் இருந்தது.

ஹெலன் தன் கூடாரத்துக்குள் கூட்டிப்போய், கதவை இழுத்துவிட்டு, படிவத்தை முன்னால் வைத்தாள். நீ இப்போது சொல்லவேண்டும் என்றில்லை, நாளைக்குச் சொல்லலாம் என்றாள். இப்போதே எழுது என்றேன். கடைசியாகப் பேசியது பதினொன்று எட்டு. முதல் தவறல் பன்னிரண்டு. ஒன்று ஏழுக்குப் பொத்தான் சத்தம், இரண்டு தடவை. அவளுடைய பேனை நின்றது. "அதற்குப் பிறகு?" நான் காத்திருந்தேன் என்றேன். "எவ்வளவு நேரம்?" "இரண்டு பதினைந்துவரை." கடக்கிற இடத்தைத் தெரிவுசெய்தது யார் என்று ஒரு கேள்வி இருந்தது. நான் என்றேன். அவர் மறுத்தாரா என்று ஒரு கேள்வி இல்லை, நானாகச் சொன்னேன், அவர் மேலே போய்க் கடக்கலாம் என்றார், நான் விடவில்லை. விடாமல் என்ன சொன்னேன் என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் சொல் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா தெரியாது. ஹெலன் படிவத்தை மூடிவிட்டு, வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து சொல்வார்கள், நீ சொல்ல விரும்பினால் நீ முதலில் சொல்லலாம் என்றாள். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

இலக்கம் மனப்பாடம். நளாயினி இரண்டாவது மணியில் எடுத்தாள், பின்னால் குழாயில் தண்ணீர் ஓடியது, ஏதோ கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். சொல்வதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருந்தேன், அதெல்லாம் வரவில்லை, குகன் ஆத்திலை போயிட்டார் என்றுதான் வந்தது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதை மூடினாள். அழுவாள் என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன், மூச்சுத்தான் கேட்டது, வாயால் விடுகிற மூச்சு. "தண்ணிக்கையோ?" என்றாள். "இல்லை. வெளியிலை ஏறினவர். குளிர்." "ஏறினவரோ?" "ஓம்." "எத்தினை மணிக்கு?" தெரியாது என்றேன். "நீங்கள் எத்தினை மணிக்கு ஹெலியைக் கூப்பிட்டனீங்கள்?" ரெண்டே கால் என்றேன். "அவர் எத்தினை மணிக்குக் கதைச்சிருக்கவேணும்?" பன்னிரண்டு என்றேன். அவள் அந்த இரண்டு மணித்தியாலத்தையும் கால் மணித்தியாலத்தையும் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது எனக்குக் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன், காலையில் சொன்னதையும், உங்கட ஆக்கள் என்றதையும், "நளா, நான்" என்று தொடங்கினேன். அவள் அதைக் கேட்கவில்லை. கோபமில்லாத குரலில், களைத்துப்போன குரலில் சொன்னாள்.

"என்ரை கலியாணத்தண்டும் நீங்கள் தாலி கட்டி முடிஞ்சாப்பிறகுதான் உள்ளுக்கு வந்தனீங்கள். மேளச் சத்தம் நிக்கும்வரைக்கும் வெளியிலை காருக்குள்ளை இருந்தனீங்கள். ஆரோ பாத்து எனக்கு அப்பவே சொன்னவை. இவருக்கும் தெரியும். தெருவிலை நெரிசலாம் எண்டு இவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு நிண்டவர்."

வெளியில் யாரோ ஹெலியின் கதவைச் சாத்தினார்கள்.

"ஆரபிக்கு வயலின் வகுப்பு முடியப்போகுது" என்றாள். "நான் போய் ஏத்தவேணும்."

"நீ கார் ஓடாதை. ஆரையும் அனுப்பு."

"இல்லை அண்ணா. அவள் வாசலிலை நிப்பாள். நான் போறன்."

சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. கதவுச் சத்தம் கேட்டது. தொலைபேசியை அவள் வைக்க மறந்துவிட்டாள், நான் அந்த வெறும் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.